நூறு பார் பிடிக்கிற அறை

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை பார், அதாவது முழு ஐஸ் கட்டி, போகிறது என்று எண்ணுவது என் வேலை. எண்ணுவதில் எனக்குப் பிழை வராது, மற்றதில் வரும். அன்று காலை என் தம்பி பிரசாந்த் வேலை பார்க்கும் விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றினோம். வழக்கமாக நூறு பார் பிடிக்கிற படகின் ஐஸ் அறை எண்பதிலேயே வாய்வரை நிரம்பிவிட்டது.

ஒரு பாரை அரைத்துக் கொட்டினால் மூன்று கன அடி இடம் பிடிக்கும். எண்பதுக்கு இருநூற்று நாற்பது. அறையின் நீளம் பத்தடி, அகலம் ஆறடி. மூடியைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரிகிற அளவு. இருநூற்று நாற்பதை அறுபதால் வகுத்தால் ஆழம் நாலடி. போன வாரம்வரை ஐந்தடி இருந்த அறை. அது என்ன துவைத்த சட்டையா, சுருங்குவதற்கு?

அடியில் பொய்த்தளம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் கடத்தல் சரக்குதான் போகும் என்பதை இந்த ஊரில் பிறந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தால்கூட ஆள் என்றைக்காவது திரும்பி வருவான். சரக்கோடு பிடிபட்டவனை எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்களோ.

கரையில் நின்ற பிரசாந்தைத் தனியே கூப்பிட்டு, அறையில் ஓர் அடியைக் காணோம், அந்தப் படகில் ஏறாதே என்றேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"பதினோரு அங்குலந்தான்க்கா. பலகை ஒரு அங்குலம்."

பலகையை அடித்தவனே அவன்தான். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

"நான் இன்னைக்குப் போகல. எனக்குப் பதிலா அஜித் போறான்" என்றான்.

அஜித் எங்கள் எதிர்வீட்டு மருதாயியின் மகன். கல்யாணமாகி நாலு மாதம். அவனுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். பிரசாந்த் தரையைப் பார்த்தபடி, தெரியாது என்றான்.

அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, என் வீட்டு ஆள் தப்பித்தான் என்று. அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

படகின் முனையில் நின்ற அஜித், கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லிக் கைகாட்டினான். பிரசாந்த் அவிழ்க்கக் குனிந்தான். நான் கயிற்றின் மேல் காலை வைத்தேன்.

"அஜித், இங்கிட்டு எறங்கி வா. ஐஸ் அறைக்கு அடியில எந்தம்பி என்ன செஞ்சு வச்சிருக்கான்னு கேட்டுட்டுப் போ."