சேஃப்டிக்கு இன்னொன்று

பக்கிரிசாமிக்கு சாக்ஸபோன் வாசிக்கத் தெரியும்; அதைப் பற்றிப் பேசத் தெரியாது. இந்த மெட்டு எப்படி வந்தது, எந்த மனநிலையில் வாசித்தீர்கள் என்று யாராவது கேட்டால், பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தவர் மாதிரி விழிப்பார். பேசுவதற்கென்றே பிறந்தவர் பரமேஸ்வரன். முப்பது வருடமாக இவருடைய இசைத்தட்டுகளையெல்லாம் தயாரித்தவர். பக்கிரிசாமி வாசித்ததைவிட, அதை எப்படி வாசிக்க வைத்தேன் என்று பரமு சொன்ன கதைகள்தான் ஊரில் அதிகம்.

ஜாஸ் கலைஞர்களோடு உரையாடி இணையத்தில் போடும் மதுமிதா, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மாடியிலிருந்த தன் சின்ன ஸ்டூடியோவுக்கு இருவரையும் சேர்த்தே கூப்பிட்டாள். பரமு பேசிக்கொள்வான் என்ற ஒரே தைரியத்தில் பக்கிரிசாமியும் போனார்.

பேச்சு சுற்றி வளைத்து, எதிர்பார்த்தபடியே 'லெட்சுமி'யில் வந்து நின்றது. அவர் பெயரை வெளிநாடுவரை கொண்டுபோன மெட்டு அது. அதைப் பதிவு செய்த சாயங்காலம்தான் அவர் மனைவி லெட்சுமி இறந்தாள். மெட்டுக்கு அவள் பெயரைப் பிறகுதான் வைத்தார்கள்.

அன்றைக்கு அவள் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகக் கோளாறு, அடிக்கடி போய் வருவதுதான். "நீங்க போங்க, குமுதா இருக்கால்ல," என்று அவளே அனுப்பிவைத்தாள். செந்தூலில் பரமுவின் ஸ்டூடியோவுக்குள், அவர் மேசை டெலிபோனைத் தவிர, யார் கைபேசியும் உயிரோடு இருக்கக் கூடாது. அது அவர் சட்டம். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது பரமு தோளைப் பிடித்து, "இப்பதான் கால் வந்துச்சு, உடனே கெளம்பு," என்றார். நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது லெட்சுமியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"எப்பவோ ஸ்டூடியோவுக்கு அடிச்சிட்டேன் மாமா," என்று அழுதாள் குமுதா. லெட்சுமியின் தங்கை. வந்தது ஒரே கால்தான், அதுவும் வேலை முடிந்த பிறகுதான் என்றார் பரமு. இருவரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். யார் என்று யோசிக்கக்கூட இல்லை பக்கிரிசாமி. கருமாதி வீட்டில், அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்திருக்க, "நேரத்தோட சொல்லாம இருந்துட்டு கதை விடுறியா? இனி என் வாசப்படிய மிதிக்காத," என்று அவளை வெளியே அனுப்பினார். எட்டு வருடமாகப் பேச்சு இல்லை.

"ஒரு ப்ரொடியூசரோட வேலை என்ன அங்கிள்?" என்று மதுமிதா கேட்டாள்.

பரமு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "காத தெறந்து வச்சிருக்கறது லா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவங்க வாசிப்பாங்க, இந்தப் பக்கம் நான். நான் பேசுற மைக்க மூடவே மாட்டேன். அது தனி டிராக்ல ஓடிட்டே இருக்கும். ஒரு டேக் வாசிச்சு முடிச்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்கு நடுவுல சும்மா பேசிக்கறதுலதான் நல்ல ஐடியாவெல்லாம் பொறக்கும்."

"'லெட்சுமி' அன்னிக்கும் ஓடிச்சா? நீங்க குடுத்த ஹார்ட் டிஸ்க்ல அந்த டிராக் இருக்கு அங்கிள். நான் இன்னும் கேக்கல. போடவா?"

"போடும்மா, போடு."

அந்த டிஸ்க்கை பரமுவே இத்தனை வருடமாகத் திறந்து பார்த்ததில்லை.

மதுமிதா பட்டனைத் தட்டினாள். தூரத்தில் சாக்ஸபோன், பக்கத்தில் மேசையில் விரலால் தாளம் போடும் பரமு. பக்கிரிசாமி கண்ணை மூடிக்கொண்டார். மேல் ஸ்தாயிக்கு ஏறப்போகிற இடத்தில் டெலிபோன் மணி அடித்தது.

"ஹலோ. ஆமா, வாசிச்சிட்டு இருக்காரு. அழாத குமுதா, அழாத. சரி. சரிம்மா, இப்ப அனுப்பிடறேன்."

போனை வைக்கும் சத்தம். வாசிப்பு நிற்கவில்லை. எங்கே போனாலும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டும் அந்த ஏற்றம், நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கியது. அது முடிந்ததும் பரமுவின் உற்சாகமான குரல்: "செம்ம லா பக்கிரி! இருந்தாலும் சேஃப்டிக்கு இன்னொன்னு போயிடுவோம்."

பதிவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கிரிசாமியே சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஓகே பாஸ்."

மதுமிதா பாய்ந்து நிறுத்தினாள்.

"அங்க ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன் பக்கிரி," என்றார் பரமு. "எத்தனையோ தடவ ஆஸ்பத்திரிக்கு போய் வந்தவங்கதானே. நீ அதுக்கு முன்ன அப்படி வாசிச்சதே இல்ல. கதவ தெறந்திருந்தா அந்த வாசிப்பு போயிருக்கும்."

"மொத டேக்கு சரி. ரெண்டாவது எதுக்கு?"

பேசுவதற்கென்றே பிறந்த மனிதர் மதுமிதா பக்கம் திரும்பினார். அந்த இரண்டாவது பதிவை எதற்கும் பயன்படுத்தவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"மதுமிதா, இத வெட்டிடும்மா," என்றார் பரமு மெதுவாக.

"வெட்டாத," என்று சொல்லிவிட்டு பக்கிரிசாமி எழுந்தார். பரமுவை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய வெறுப்பு அவருக்குத் தன் மேலேயே வந்தது. பரமு சொன்னது ஒரு பொய். அதை வைத்து ஒரு பெண்ணை நாயைத் துரத்துவது போலத் துரத்தியது அவர்தான்.

படியிறங்கி வந்து பூக்கடை ஓரமாக நின்று கிள்ளானுக்கு போன் போட்டார். குமுதா உடனே எடுத்தாள். இத்தனை வருடம் கழித்து அவர் பெயரைப் பார்த்த பயம் அவள் குரலில் இருந்தது.

"யாரு மாமா செத்துட்டாங்க?"

"யாருமில்ல. நீ அன்னிக்கு போன் பண்ணிருக்க குமுதா. இப்பதான் என் காதால கேட்டேன்."

"அதத்தானே மாமா அன்னிக்கே சொன்னேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"என்ன மன்னிச்சிடும்மா."

 யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள் குமுதா.

"இப்பவே அனுப்பறேன்னு சொன்னாரு மாமா. அத நம்பி நான், மாமா கெளம்பிட்டாரு, வந்துட்டே இருக்காருன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். தலைய வாரி பொட்டு வச்சு விடுன்னு சொன்னா. வச்சு விட்டேன். அதுக்கப்புறம் எங்கிட்டகூட பேசல மாமா. கதவையே பாத்துட்டு இருந்தா."