நங்கூரத்தில் விழுந்த பிழைகள்

1955ஆம் ஆண்டு ஆனி மாதம், திருகோணமலை நகரத்துப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவில் இறைவணக்கத்தைப் பல்லிகள் பாடின. சுருதி சுத்தமாக இருந்தது. இரண்டாவது அடியில் மட்டும் சற்று அவசரப்பட்டன. மாணவர்கள் மாதம் இருமுறை வெளியிட்ட ‘நங்கூரம்’ பத்திரிகையில், ‘பள்ளிப் பாடகர் பாடுவர்’ என்று வரவேண்டியது ‘பல்லிப் பாடகர்’ என்று வந்திருந்தது. அடுத்த இதழில் திருத்தம் வந்ததும் பல்லிகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பூச்சி பிடிக்கப் போயின. அந்த வருட மாரியில், கப்பல்துறைக்குப் பக்கத்தில் கண்டி வீதியை முழங்காலளவு வெள்ளம் மூடியதென்ற செய்தி ‘வெல்லம்’ என்று அச்சாகி, இரண்டு பஸ்கள் சில்லுப் புதைந்து நின்றன. பயணிகள் இறங்கித் தின்றார்கள். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பானையும் அகப்பையுமாக வந்து, திருத்தத்தை ஓர் இதழ் பிந்திப் போடும்படி அதிபருக்கு ஆளனுப்பினார்கள். அதிபரும் சம்மதித்தார்.

இதில் சந்தோஷப்படாதவள் அசனா ஒருத்திதான். கிண்ணியாவிலிருந்து தினமும் ‘பாதை’ என்ற மிதவைப் படகேறித் துறை கடந்து படிக்க வந்த அவள், மீன்பிடிக்கும் முனாப்பின் மகள். ஓர் எழுத்து மாறினால் வெல்லம் வருமென்றால், இன்னோர் எழுத்து மாறினால் என்ன வருமென்று யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரிகையின் ஆசிரியனாக இருந்த மேல்வகுப்பு ஞானசேகரத்திடம் போய், இனி அச்சுக்கு ஸ்டென்சில் தாள் வெட்டுமுன் எல்லாவற்றையும் தான் வாசிக்க வேண்டுமென்றாள். எழுதியதைத் திரும்ப வாசிப்பது ஞானசேகரத்துக்குக் கசப்பு மருந்து, உடனே ஒப்புக்கொண்டான்.

அவள் ஒரு கடதாசியால் கீழ்வரிகளை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஒரு பெயர் வந்தால், பெயருக்குரியவரைத் தேடிப்பிடித்து அவர் கையாலேயே எழுதச் சொன்னாள். பத்துத் தென்னை விழுந்ததென்று இருந்தால் போய் எண்ணினாள். தலைப்பு சரியாகத்தான் இருக்குமென்று எல்லோரும் தாண்டிப் போவதால், அதைக் கடைசியில் தனியாக இன்னொரு தரம் வாசித்தாள். ஒருவருடத்துக்கு மேல் ஒரு பிழையும் வரவில்லை. நகரத்துக்குச் சலித்துவிட்டது. சின்னதாக ஒரு பிழை விடும்படி கடிதங்கள் வந்தன. ஞானசேகரம் அவளுக்குத் தெரியாமல், கரிக்கடை விளம்பரத்தில் வேண்டுமென்றே ‘கறி’ என்று வெட்டிப் பார்த்தான். கரி கரியாகவே கிடந்தது; கடைக்காரர் மட்டும் கோபித்தார். உண்மையென்று நம்பி எழுதிய பிழைதான் நடக்கும் என்பது அன்றைக்குத் தெரியவந்தது.

1957 கார்த்திகையில் அடித்த புயலில் முனாப்பின் தோணி திரும்பவில்லை. ஆறாம் நாள் கிண்ணியா முழுக்க அழுது முடித்திருந்தது. அசனாவின் உம்மா வெள்ளை உடுத்துவிட்டா. அசனா மட்டும் வியாழக்கிழமை வழக்கம்போலப் பாடசாலைக்கு வந்தாள். ஞானசேகரம் ஒரு தாளைப் புத்தகத்துக்குள் மறைத்து, இதை நீர் வாசிக்கத் தேவையில்லை, நான் பார்க்கிறேன் என்றான். அவள் கை நீட்டிக்கொண்டே நின்றாள். ‘ஏழு மீனவர் கடலில் பலி’ என்று தலைப்பிட்டிருந்தது.

அவள் தலைப்பைக் கடைசிக்கு விட்டுவிட்டு, முதலில் பெயர்களைப் பார்த்தாள். முந்தின நாளே அவள் வீடு வீடாகப் போயிருந்தாள். அந்தத் தோணியில் ஏழு பேரல்ல, எட்டுப் பேர். கடல் எப்படி இருக்குமென்று பார்க்கப் போன தையற்கார ஸெய்னுதீனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெயரை எழுதிச் சேர்த்தாள். பிறகு ‘பலி’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தாள்.

“இதை ஆர் கண்டது?”

“ஊர் முழுக்கச் சொல்லுது, அசனா.”

“ஊர் சொல்லுறது சரி. ஆர் கண்டது?”

தான் அதை மனமார நம்பி எழுதியிருந்ததை நினைத்ததும் ஞானசேகரம் தலைப்பின்மேல் கோடு கிழித்தான். ‘எட்டுப் பேர் இன்னும் திரும்பவில்லை’ என்று அசனா எழுதினாள். திரும்பினர் என்று எழுத எவ்வளவோ ஆசைதான். ஆனால் அதையும் யாரும் காணவில்லை. அந்தத் தலைப்போடு அன்று பின்னேரம் இதழ் வெளிவந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் எட்டுப் பேரும் வந்தார்கள். சம்பூருக்கு அப்பால் ஒரு காட்டுக் கரையில், பாய்மரம் முறிந்து, நண்டு சுட்டுத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறார்கள். வியாழன் பின்னேரம்தான் காற்று விட்டதாம். முனாப் நேரே குசினிக்குள் போய், “தேத்தண்ணி இருக்கா?” என்று கேட்டார். உம்மா தேத்தண்ணிக்குள் அழுதா. அவர் அதையும் குடித்தார்.

திரும்பி வந்த செய்தியை அசனாவே எழுதினாள். எழுதியவளே வாசித்ததால் அதை வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் கண்ணிலும் நீர் நிறைந்திருந்தது. ‘தோணி நிறைய வளைகளோடு வந்து சேர்ந்தனர்’ என்று அச்சாயிற்று. கரையில் காயப்போட்டிருந்த வலைகளெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களாகிக் குவிந்தன. கிண்ணியாப் பெண்கள் முழங்கைவரை போட்டுக்கொண்டார்கள். உம்மா கையை ஆட்டி ஆட்டி நடந்தா. திருத்தம் போடவேண்டாமென்று றுக்கியா மாமி தலைமையில் இருபது பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

“நீர் சொன்னா இப்படியே விடுவம்,” என்றான் ஞானசேகரம்.

“எனக்கும் ஆசைதான். ஆனா வாப்பாக்கு வலை வேணுமே,” என்று சொல்லி, பிழை தன்னுடையதென்று பெயரும் போட்டு அவளே திருத்தம் எழுதினாள்.

இதழ் வந்த காலை, கைகளிலிருந்த வளையல்கள் வலையாகி அவிழ்ந்தன. பெண்கள் சிக்கெடுக்கச் சிக்கெடுக்கச் சிரித்துவிட்டு வலைகளைக் கரைக்கு அனுப்பினார்கள். ஆனால் அவற்றின் சத்தம் போகவில்லை. வீசும்போது கலகலவென்றன, அதைக் கேட்கப் பாரை மீன்கள் கூட்டமாக வந்தன. எந்த எழுத்தும் பிழையில்லாததால் இதற்குத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அசனா கொழும்பில் ஒரு பத்திரிகைக்கு அச்சுப்படி ஒப்புநோக்கப் போனதும், ஞானசேகரம் அதே பாடசாலைக்கு ஆசிரியராக வந்ததும், வலைகள் நைலோனாக மாறியதும் பிறகு நடந்தவை. 1981இலும் கிண்ணியாவில், நைலோன் வலையிலும் தங்கி, தண்ணீருக்கு மேல் வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டே அது யாருடைய தோணியென்று பெண்கள் சொல்லிவிட்டு, கறிக்குத் தேங்காய் திருவ உட்காருவார்கள்.