அரை அங்குலப் பாட்டு

கிளென்வார்டி ரப்பர் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பஞ்சலிங்கம் 1975 மார்ச்சுக்கும் 1983 ஆகஸ்டுக்கும் இடையில் முப்பத்திரண்டு அங்குலம் குட்டையானார். அதே காலத்தில் ரப்பர் விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இவர் இறங்கியதோடு சரி. ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் ஆரம்பித்தவர் மூன்றடி ஒரு அங்குலத்தில் வந்து நின்றார். வியாதி என்றார்கள் சிலர், செய்வினை என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது ஸ்காட்லாந்துப் பாட்டால் வந்த வினை. பால் வெட்டும் நவமணி ஒரு மேடை ஏறிப் பாடி இறங்கினால் அவருக்கு அரை அங்குலம் போகும். மொத்தம் அறுபத்து நான்கு மேடைகள்.

அந்தப் பாட்டுகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் மேக்ரே துரையின் மனைவி. துரைசானிக்குத் தன் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிற பாட்டென்றால் உயிர். இங்கே இருக்கிற துரைமார் பிள்ளைகள் அவற்றைக் கேட்காமலே வளர்கிறார்களே என்று அவளுக்கு ஒரே ஏக்கம். 1971இல் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களில் குரலும் தாளமும் உள்ளவர்களைப் பொறுக்கி ஒரு குழு கட்டினாள். அந்த ஊர்க் காற்றுப்பைக் குழலுக்கு எங்கே போவது? மாரியம்மன் கோயிலில் நாயனத்துக்கு ஒத்து ஊதும் சன்னாசி அந்த இடத்தை நிரப்பினான். அவர்கள் ஊர்க் கட்டம்போட்ட பாவாடைத் துணிக்குச் சுங்கை சிப்புட் கடையில் வாங்கிய கைலிகளை முழங்காலோடு வெட்டிக் கட்டினார்கள். துரைசானி அக்கார்டியன் வாசிப்பாள். நவமணி பாடுவாள். கூழில் விழுந்த பூனை, முட்டையை ஒளித்துவைத்து மறந்துபோன கோழி, குளிர்ந்த ஏரியில் ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கும் படகு என்று பதினோரு பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்பதை துரைசானி பாதித் தமிழிலும் மீதியைக் கையாலும் சொல்லிக் கொடுத்திருந்தாள். படகுப் பாட்டுதான் எப்போதும் கடைசி. அதைக் கேட்டால் அழுகிற பிள்ளை வாயை மூடும். ஈப்போ கிளப்பில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நவமணியின் கைலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். 1974இல் நான்கு வயதான அவள் மகள் பாப்பாவுக்கும் பதினொன்றும் மனப்பாடம். லயத்து வாசலில் நின்று கோழிகளுக்குப் பாடிக் காட்டுவாள்.

கிளென்வார்டியில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்த லோரியும் அசையாது. பிரசவ வலியில் துடித்த ஒருத்தியைச் சீட்டு இல்லாமல் ஏற்றிக்கொண்டு போன டிரைவரை மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டிலேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, டிரைவர் தைப்பிங்கில் வாழைப்பழம் விற்கப் போனான். அதற்குப் பிறகு சீட்டு என்பது சாமி உத்தரவு மாதிரி. சீட்டுப் புத்தகம் பஞ்சலிங்கத்தின் சட்டைப் பையில் இருக்கும். யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைக் காற்சட்டையில் மடிப்புக் கலையாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் தோட்டத்தில் மறு வார்த்தை கிடையாது.

1974 டிசம்பர் 21, சனிக்கிழமை. ஈப்போ கிளப்பில் துரைமார் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து. அன்று காலை பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நவமணி அந்தத் தாளோடு ஆபீஸ் வாசலுக்கு ஓடினாள். முதல் லோரி பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட நின்றது.

"ஐயா, இந்த லோரியிலயே புள்ளையத் தூக்கிட்டு வாரேன். போற வழியில எறக்கி விட்டுட்டுப் போலாம் ஐயா" என்றாள்.

"பதினொரு மணிக்குக் கிளப்பில நிக்கவேணும். சுணங்கினா துரைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார் பஞ்சலிங்கம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீ போட்டு வா பிள்ளை. நான் சீட்டு எழுதிப்போட்டன். பத்து மணிக்கு ரெண்டாம் லோரி வந்து ஏத்தும்."

எழுதிவிட்டேன் என்று பெரிய கிராணி சொன்னால் எழுதியதுதான். நவமணி நம்பினாள். நம்பினதுதான் அவள் செய்த ஒரே தப்பு, அதை அவளே பிறகு ஆயிரம் தடவை சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைக் காளியம்மா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டாம் லோரி எதிரே கொட்டகையில் நின்றது. டிரைவர் அர்ச்சுனன் சாவியைப் போட்டுக்கொண்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, சீட்டுக்காகக் காத்திருந்தான். பத்து மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. பஞ்சலிங்கம் துரையின் காரில் ஏறி ஈப்போவுக்குப் போய், கிளப்பில் இரண்டாம் வரிசையில், சட்டைப் பையில் சீட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நவமணி கோழிப் பாட்டில் கோழி மாதிரி நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். பாப்பா இரண்டே முக்கால் மணிக்குப் படிக்கட்டில் இறந்தாள். அப்போது அவளுடைய அம்மா படகுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

துரை விசாரித்தார். நான் எழுதிக் கொடுத்தேன், டிரைவர் தொலைத்துவிட்டான் என்று பஞ்சலிங்கம் வாய் கூசாமல் சொன்னார். புத்தகத்தின் அடிக்கட்டையைக் காட்டச் சொன்னபோது கறையான் தின்றுவிட்டது என்றார். அர்ச்சுனனை மூன்று மாதம் புல் வெட்ட அனுப்பினார்கள். நவமணியின் புருஷன் ஜெயபாலன் துக்கத்துக்கு வந்தவன் திரும்பிச் சிங்கப்பூருக்கே வேலைக்குப் போய்விட்டான். அவள் பதினாலாம் நம்பர் வீட்டில் தனியாகக் கிடந்தாள். அந்த வீட்டு நிலைக்கட்டையில் பால் வெட்டும் கத்தியால் கீறிய ஒரு கோடு இருந்தது. பாப்பாவின் உயரம், மூன்றடி ஒரு அங்குலம். தீபாவளிக்குத்தான் கீறினார்கள்.

மார்ச்சில் துரை தோட்ட வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குத் திரும்பினார். அவர் பயணத்துக்கு ஒரு விருந்து வைத்தார்கள். ஏற்பாடு முழுக்க பஞ்சலிங்கம். நவமணி இல்லாமல் பாட்டு எடுபடாது, எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்று சன்னாசிக்கு உத்தரவு போட்டதும் அவரேதான். அவள் மறுபேச்சில்லாமல் கைலியைக் கட்டிக்கொண்டு வந்தாள். பத்துப் பாட்டைப் பிள்ளைகளைப் பார்த்துப் பாடினாள். பதினோராவதைப் பெரிய கிராணியைப் பார்த்துப் பாடினாள். திங்கட்கிழமை காலை அவர் காற்சட்டை வழக்கத்தைவிட அரை அங்குலம் கீழே தொங்கியது. சுங்கை சிப்புட் தையல்காரன் ஐயாவு அதை மடித்துத் தைத்துக் கொடுத்தான். அதன் பிறகு எட்டு வருஷத்துக்கு அவனுக்கு அந்த வேலை ஓயவில்லை.

துரைசானி அக்கார்டியனை நவமணியிடமே விட்டுப்போனாள். தானே வாசிக்கக் கற்றுக்கொண்டு அவள் குழுவைப் புதிதாகக் கட்டினாள். புல் வெட்டிக் காய்ந்த அர்ச்சுனன் தோட்ட வேலையை உதறிவிட்டு ஒரு பழைய வேனைப் பிடித்து, அவர்களை எங்கும் சும்மாவே ஏற்றிக்கொண்டு போனான். தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழா, கோப்பெங் சீனப் பள்ளிக்கூடம், தாப்பாவில் பேங்க் மேனேஜர் பிள்ளையின் பிறந்தநாள், மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பாலர் வகுப்பு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார்கள். ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகள் கை தட்டிக் குதித்தார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பாட்டில் நஞ்சு எதுவும் கிடையாது. கேட்ட பிள்ளைகளுக்குப் பசி எடுத்தது, நன்றாகத் தூங்கினார்கள். பெரியவர்கள் யாருக்கும் ஒரு மயிரிழை குறையவில்லை. அரை அங்குலம் ஒரே ஒருவருக்குத்தான் குறைந்தது. அவர் கிட்டத்தில் இருந்தாலும் குறைந்தது, எட்டத்தில் இருந்தாலும் குறைந்தது.

முதலில் அவர் முதுகு கூனுகிறது என்றார். அப்புறம் குதிவைத்த சப்பாத்து போட்டார். 1978இல் பெரட்டுக் களத்தில் முக்காலி மேல் ஏறி நின்று பேர் கூப்பிட்டார். 'சின்னக் கிராணி' என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, தோட்டமே சிரித்தது. மறு மாதம் வேலையை விட்டு ஈப்போவுக்குக் குடிபோனார். அங்கேயும் குறைந்தது. மலை ஏறித் தானா ராத்தாவில் ஒரு வீடு எடுத்து, காதில் பஞ்சும் மெழுகும் அடைத்துக்கொண்டு இருந்தார். அந்த மாதம் குழுவுக்கு ஐந்து மேடை, இரண்டரை அங்குலம் போயிற்று. போலீசில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடுவதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று சார்ஜெண்ட் சொன்னார். சொல்லிவிட்டு, தன் மகன் பிறந்தநாளுக்குக் குழுவை முன்பதிவு செய்தார்.

1980இல் பஞ்சலிங்கத்தின் மனைவி செல்லாச்சி பஸ் ஏறி லயத்துக்கு வந்தாள். அவள் அதற்கு முன் லயத்துக்குள் காலே வைத்ததில்லை. நவமணி பாய் விரித்து உட்காரச் சொல்லி, கோப்பி கலந்து கொடுத்தாள்.

"பிள்ளை, அந்தாள் இப்ப என்ர தோளுக்குக் கீழ நிக்குது. கட்டில்ல ஏற முக்காலி போடவேண்டிக் கிடக்கு" என்றாள் செல்லாச்சி. "என்னத்தைச் செய்தா உன்ர மனம் ஆறும்?"

"ஆறாதும்மா. அது வேற" என்றாள் நவமணி. "சீட்டு எழுதலன்னு அவரு வாயால ஒரு தடவ சொல்லட்டும். அர்ச்சுனன் அண்ணன் முன்னால சொல்லட்டும்."

செல்லாச்சி போய்ச் சொன்னாள். எழுதினேன் என்றால் எழுதினேன்தான் என்று பஞ்சலிங்கம் கத்தினார். அப்போது அவர் குரலும் கீச்சென்று ஆகியிருந்தது. சன்னாசிக்கே மனம் இளகிவிட்டது. "நாலு அடி ஆயிட்டாருலா. பாவம், போதும் நவமணி" என்று சொல்லிப் பார்த்தான். நவமணி அக்கார்டியனைத் துடைத்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது எரிந்தபடியே இருந்தது, ஒரு நாளும் அணையவில்லை. அந்த நெருப்பில்தான் அவள் அத்தனை இனிமையாகப் பாடினாள்.

1983இல் கிளென்வார்டியை வெட்டித் துண்டுபோட்டு வீட்டுமனையாக விற்றார்கள். லயங்களை இடிக்கும் முன் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, கோயில் திடலில் குழு கடைசித் தடவையாகப் பாடியது. அது அறுபத்து நான்காவது மேடை. பஞ்சலிங்கம் ஈப்போவிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். செல்லாச்சி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளைகளின் கடையில் வாங்கிய வெள்ளைக் காற்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, நரைத்த மீசை. பத்துப் பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து மேடைக்கு முன்னால் வந்தார். பேச்சு கேட்காது என்று அர்ச்சுனன் ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டான். ஏற முடியாமல் தவித்தவரை அவனே தூக்கி நிறுத்தினான்.

"நான் எழுதேல்லை" என்றார் பஞ்சலிங்கம். "மறந்துபோகவும் இல்லை. பிறகு எழுதுவம் எண்டு விட்டனான். லயத்துப் பிள்ளைதானே, என்ன அவசரம் எண்டு நினைச்சனான். அர்ச்சுனன் ஒண்டையும் துலைக்கேல்லை."

அர்ச்சுனன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சன்னாசி மெதுவாக, "சொல்லிட்டாருலா. இதோட விட்ருவோம்" என்றான்.

"கேட்டுக்கிட்டேன் ஐயா" என்றாள் நவமணி. பிறகு சன்னாசியிடம், "இன்னும் ஒரு பாட்டு இருக்கு அண்ணே, ஒத்து ஊதுங்க" என்றாள்.

படகுப் பாட்டை அவள் எதையும் விடாமல் முழுதாகப் பாடினாள். முடித்துவிட்டு இறங்கி வந்து, பஞ்சலிங்கத்தின் கையைப் பிடித்துப் பதினாலாம் நம்பர் வீட்டுக்குக் கூட்டிப்போய் நிலைக்கட்டையில் சாய்த்து நிறுத்தினாள். அவர் உச்சந்தலை கோட்டைத் தொட்டது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு நவமணி எத்தனையோ மேடை பாடினாள். அவர் ஒரு இம்மியும் குறையவில்லை. வளரவும் இல்லை. பாப்பாவும் அதற்கு மேல் வளரவில்லையே.

நவமணி இப்போது ஈப்போவில் புந்தோங் பக்கம் குடியிருக்கிறாள். இடித்த லயத்திலிருந்து பெயர்த்து வந்த நிலைக்கட்டை அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி காலையில் பஞ்சலிங்கம் பஸ்ஸில் வருவார். கண்டக்டர் மீசையைப் பார்ப்பதில்லை, அரை டிக்கெட்தான் கிழிப்பார். பழைய சீட்டுப் புத்தகத்தில் மணிமணியான கையெழுத்தில் அந்த வருஷத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருவார்: லோரி ஒன்று, பாப்பா என்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்ல, உடனே. நவமணி கோப்பி கொடுப்பாள். சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பாள்.

"தேதி தப்பு ஐயா" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள்.

அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போவார். படிக்கட்டு உயரம். யாராவது ஒருவர் தூக்கி ஏற்றிவிடுவார்கள்.