பின்னால் நிற்பவரிடம் கேள்

ஷெர்லிக்கு அந்த மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எல்லாமே பிடித்திருந்தது, கோப்பு அலமாரியைத் தவிர. குழித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிற பெண். கோப்பு என்றால் அகரவரிசையில் நிற்கும் என்று நம்பி வந்தவள். இங்கேயும் அகரவரிசைதான். ஆனால் ஆளின் பெயருக்கு இல்லை, பட்டப்பெயருக்கு.

குற்றம் சொல்லவும் முடியாது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற கடற்கரை அது. மரியஜானின் மகன் ஏசுஅடிமை, ஏசுஅடிமையின் மகன் மரியஜான். வீட்டுக்கு வீடு இதே கதை. இனிஷியலும் ஒன்று, தெருவும் ஒன்று. அலமாரியைப் பார்த்துவந்த குளோரியக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊர் யாரை எப்படிக் கூப்பிடுகிறதோ அப்படியே கோப்புகளை அடுக்கிவிட்டார். அதன்பிறகு எந்தக் கோப்பும் கண் மூடித் திறப்பதற்குள் கைக்கு வந்தது.

மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் புறப்படும் முன் ஷெர்லிக்கு அவர் ஒரே ஒரு பாடம் சொன்னார்.

"ஒருத்தன்கிட்டயும் அவனுக்க பட்டப்பேரைக் கேக்கப்பிடாது மக்கா, சண்டைக்கு வருவான். பின்னால நிக்கவன்கிட்ட கேளு. சந்தோசமா சொல்லுவான்."

சொன்னபடியே நடந்தது. பின்னால் நிற்பவர் கவுண்டரில் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, முன்னால் நிற்பவரின் மானத்தை வாங்குவார். முன்னால் நிற்பவர் காது கேளாதவர்போலச் சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்ப்பார். அடுத்த நிமிஷம் கோப்பு வந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில் கிடக்க, ஆண்களெல்லாம் சங்கத்தில் வரிசையில் நின்ற ஒரு நாள், அப்படியொரு மரியஜான் தன் மகள் பிரீனாவோடு வந்தார். மறுநாள் காலை தூத்துக்குடியில் பிரீனாவுக்குக் கல்லூரிச் சேர்க்கை. மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடம். அப்பா சங்கத்தில் உறுப்பினர் என்று ஒரு சான்று வேண்டும். சாயங்கால பஸ்ஸை விட்டால் இடமும் போய்விடும். உறுப்பினர் அட்டையோ எப்போதோ கடலோடு போயிருந்தது. எண்ணும் அவருக்கு நினைவில்லை.

ஷெர்லி வழக்கம்போல் பின்னால் நின்ற ஆன்ட்ரூஸைப் பார்த்தாள். ஆன்ட்ரூஸ் மின்விசிறியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆன்ட்ரூஸ் பச்சைப் பொய் சொன்னார். சொல்லும்போதே கை தானாகத் தோளைத் தடவியது. அந்தப் பட்டப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதற்காக மரியஜானின் துடுப்பு விழுந்த தோள் அது.

குளோரியக்காவை அழைத்தால் போன் மணியடித்து ஓய்ந்தது. அலமாரியில் ஆயிரத்துக்கு மேல் கோப்புகள். கைக்குக் கிடைத்தவற்றைப் பிரித்துப் பார்த்ததில் மூன்று மரியஜான்கள் வந்தார்கள், மூவருக்கும் அப்பா ஏசுஅடிமை. இவர் அவர்களில் ஒருவரா இல்லையா என்று அந்தத் தாள்களை வைத்துச் சொல்ல வழியில்லை. பிரீனா கடிகாரத்தையும் ஷெர்லியின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் ஷெர்லிக்குத் தாங்கவில்லை. குளோரியக்காவின் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, மரியஜானிடமே கேட்டாள்.

அவர் முகம் கறுத்தது. வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. மகளைக் கொஞ்சம் வெளியே போய் நிற்கச் சொன்னார். பிரீனா போகவில்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"வாந்தி," என்றார் மரியஜான்.

யாரும் கேட்காமலே, "சின்னதுல மொதல்மொதலா கட்டுமரத்துல போனப்ப வந்தது. பொறவு ஒருநாளும் வந்ததில்ல," என்றார்.

கொச்சியையும் தாண்டி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து வருகிற மனிதர். ஒரு காலை வேளையின் குமட்டலை ஊர் அவர் தலையில் ஆயுளுக்கும் கட்டிவிட்டிருந்தது. பிரீனா திரும்பி வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பார்க்காவிட்டாலும் அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

'வா' வரிசையில் கோப்பு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. ஷெர்லி சான்றை எழுதி, செயலாளர் ஜஸ்டஸிடம் கையெழுத்து வாங்கி, சீல் குத்திக் கொடுத்தாள். கோப்பைத் திரும்ப வைக்கும்போது மனசு கேட்கவில்லை. மேலே ஒட்டியிருப்பதைக் கிழித்துவிட்டு, 'பிரீனா அப்பா' என்று எழுதி வேறு வரிசையில் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

மரியஜான் யோசித்தார்.

"வேண்டாம் மக்கா. குளோரி வந்தா எங்கெல்லாம் தேடிக்கிட்டு கெடப்பா?"

வந்ததிலிருந்து மேடம் மேடம் என்றவர் மக்கா என்றதில் ஷெர்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

அடுத்தது ஆன்ட்ரூஸ். பழக்கதோஷத்தில் ஷெர்லி அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். பின்னால் நின்றவர் அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு குனியவே தொடங்கிவிட்டார். ஆன்ட்ரூஸ் கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"நானே சொல்லுகேன் மேடம். உறக்கம்."