யார் யாரோ போட்ட பூட்ஸ்

பனி பார்க்க வேண்டும் என்று ஆனந்தவல்லி யாரிடமும் கேட்டதில்லை. மெட்ராஸில் இருந்தவரை பனிச்சறுக்கு என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவள் அவள் மகள் வைஷாலி.

பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் செப்டம்பரில் பனிமலைக்கு அழைத்துப்போகிறார்கள். ரேச்சல் என்ற பெண், 'நீ என் அறையில் தங்கு' என்று வைஷாலியைக் கூப்பிட்டிருந்தாள். நியூசிலாந்தில் இந்த ஆக்லாந்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளை இவளை எதற்காவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தாள். ஆனால் சறுக்கத் தெரியாத பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டு, மலையிலும் கூடவே இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக் கடிதம் சொன்னது. ஆளில்லாவிட்டால் பயணமும் இல்லை.

கணவர் வரதராஜன் உடனே இடுப்பில் கை வைத்தார்.

"எனக்கு டிஸ்க் ப்ராப்ளம் இருக்கே வல்லி. நீயே போயிட்டு வா. ஆதவனையும் கூட்டிட்டுப் போ, கத்துக்கட்டும்."

கேரம் போர்டுக்கு முன்னால் நாலு மணி நேரம் குனிந்து உட்காரும்போது எட்டிப் பார்க்காத டிஸ்க் அது. ஆனந்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சறுக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் கிளென்ஃபீல்டில் ஒரு பழைய கிடங்கு. அதற்குள் வீட்டுக் கூரை அளவுக்குச் சரிவாக ஒரு கம்பளம். மோட்டாரைப் போட்டால் கம்பளம் மேல்நோக்கி ஓடும், அதன்மேல் கீழ்நோக்கிச் சறுக்க வேண்டும். வழுக்குவதற்காகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கில் அடித்தது, ஒரு வாரம் துவைக்காத ஈரத் துணி நாற்றம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சுவரோரம் வரிசையாக வாடகை பூட்ஸ். எத்தனை பேர் கால், எத்தனை பேர் வியர்வை! ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அப்போதுதான் கழற்றியிருக்கிறார்கள். சீ! காலையில் சாப்பிட்ட உப்புமா தொண்டைவரை வந்துவிட்டுப் போனது.

அவள் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆஸ்பத்திரி லேபில் ஊராருடைய சளியையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் சோதிக்கிறவள். அது வேலை, கையில் உறை இருக்கிறது. இது என்ன தலையெழுத்து? ஊரான் செருப்பை வாசலில்கூட மிதிக்காமல் தாண்டிப்போன கால், ஊரான் பூட்ஸுக்குள் போவதா?

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரொட்டி வந்த ப்ளாஸ்டிக் பைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்தாள். காரிலேயே தனக்கும், வைஷாலிக்கும், எட்டு வயது ஆதவனுக்கும் சாக்ஸின் மேல் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கால்சட்டையை இழுத்து மூடினாள்.

"மம், ப்ளீஸ். யாராவது பார்த்தா?" என்றாள் வைஷாலி.

"பார்த்தா பார்க்கட்டும். ஊரு சேத்துப்புண்ணை எல்லாம் கால்ல வாங்கிட்டு வரணுமா? வாயை மூடிக்கிட்டு மாட்டுடி."

மூன்று சனிக்கிழமை அப்படி ஓடியது. ஆதவன் குரங்குக்குட்டிபோலக் கற்றுக்கொண்டான். ஆனந்தவல்லி விழுந்தாள், எழுந்தாள், அந்த ஈரக் கம்பளத்தில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை நேரே குளியலறைக்குள் தள்ளி டெட்டால் போட்டுக் குளிப்பாட்டினாள். பிறகு தானும் இரண்டு தடவை குளித்தாள். அப்போதும் அருவருப்பு போகவில்லை. இந்தக் கண்றாவி எப்படியாவது நின்று தொலையாதா என்று சாமியிடம் வேண்டிக்கொண்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை ரேச்சலும் அவள் அம்மா ஜூடித்தும் வந்திருந்தார்கள். வைஷாலி உற்சாகத்தில் வேகமாக இறங்கினாள். பூட்ஸுக்குள் ப்ளாஸ்டிக் வழுக்கியது. திருப்ப வேண்டிய இடத்தில் கால் திரும்பவில்லை. கம்பளத்தின் ஓரத்தில் போய் மோதி விழுந்தாள்.

சொல்லிக்கொடுக்கும் க்ரெய்க் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். ரேச்சல் பக்கத்தில் மண்டியிட்டு வைஷாலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பூட்ஸை உருவினான். ரொட்டிப் பை சரசரவென்று வெளியே வந்தது. இது எதற்கு என்று கேட்டான்.

வைஷாலி அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்.

தன் காலில் படை இருக்கிறதாம். மற்றவர்களுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று தானே போட்டுக்கொண்டாளாம்.

ரேச்சல் கையை எடுத்தாள். எடுத்த கையைத் தன் ஜீன்ஸில் தேய்த்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை. ஜூடித் மூக்கைச் சுளித்தபடி மகளின் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்தாள். அந்த மூக்குச் சுளிப்பு ஆனந்தவல்லிக்கு அத்துப்படி. தன் குழந்தையைப் பார்த்து ஒருத்தி அப்படிச் சுளிப்பதைப் பார்த்தபோது வயிறு பற்றி எரிந்தது. தன்னை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

"அவ பொய் சொல்றா," என்று தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்கு மாறினாள். தன் மகள் காலில் ஒன்றுமில்லை, சுத்தமான கால். பையை மாட்டியது தான்தான். இந்த பூட்ஸைப் பார்த்தால் தனக்கு... நல்ல வார்த்தையாகத் தேடினாள். கிடைக்கவில்லை. "டிஸ்கஸ்டிங்" என்று சொன்னாள்.

ஜூடித் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அவளும் அதே வரிசையிலிருந்துதான் பூட்ஸ் எடுத்து மாட்டியிருந்தாள்.

ரேச்சல் வைஷாலியிடம் கேட்டாள், நீயும் எங்களை அப்படித்தான் நினைக்கிறாயா என்று.

"நோ," என்றாள் வைஷாலி. "ஒன்லி ஹெர்."

அம்மாவைக் கையால் சுட்டவில்லை. சுட்ட வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைஷாலி இன்னொரு காலின் பையையும் பிய்த்தெடுத்தாள். வெறும் சாக்ஸோடு பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். ரேச்சல் கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள். அந்தக் கையை இந்தத் தடவை துடைக்கவில்லை.

பிறகு வைஷாலி ஜூடித்திடம் ஏதோ மெல்லக் கேட்டாள். ஜூடித் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். வைஷாலி திரும்பி வந்தாள்.

"மம், மலையில ரேச்சலோட அம்மா என்னைப் பாத்துப்பாங்க. நீ வர வேண்டாம்."

"சரிம்மா," என்றாள் ஆனந்தவல்லி.

ஒரு மாதமாக வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மோட்டார் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. மேலே பிள்ளைகள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு, கத்திக்கொண்டே சறுக்கினார்கள். ஆனந்தவல்லிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள். பூட்ஸைத் தொட்ட கை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாமல், அப்படியே மடியில் இறக்கிவிட்டாள்.