எட்டு முதல் பத்து வரை

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'நூத்திநாலு' என்றுதான் பெயர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. மயிரிழை மயிரிழையாகப் பள்ளக் கோடுகள் வெட்டிய செப்புத் தகட்டுக்குள் தண்ணீரை ஓடவிட்டு, அடியில் சூடேற்றி, தகடு நூற்று நான்கு டிகிரியைத் தொட்டதுமே முதல் குமிழி கிளம்பிவிடுகிறது என்று இருபத்தாறு வருடங்களுக்கு முன் அளந்து காட்டிய மனிதர். கொதிக்கிற தண்ணீர்தான் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். கொதிப்பு சீக்கிரம் தொடங்கினால் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மின்னணுச் சில்லு பிழைக்கும். கட்டுரையில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர் அவர் மனைவியுடையது. அவள் இன்னும் அதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள்.

ஒரு நாள் மதியம் விண்கலப் பிரிவின் வடிவமைப்பாளர் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"மேடம், நாலு தடவை பார்த்துட்டேன். நூத்திப்பன்னெண்டுக்குக் கீழ ஒரு குமிழிகூட வரல. வந்தா மொத்தமா வந்து, தண்ணிய வந்த வழியே திருப்பித் தள்ளுது. உங்க நூத்திநாலை நம்பித்தான் வரைஞ்சேன். அடுத்த வாரம் தகடு வெட்டக் குடுக்கணும்."

"தண்ணிய நல்லா காய்ச்சினீங்களா?"

"ரெண்டு மணி நேரம். அதுல குறை வைப்பேனா?"

காய்ச்சுவது அங்கே கண்டிப்பான வழக்கம். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று முந்திக்கொண்டு குமிழி விட்டு, கொதிப்பு வந்துவிட்டது என்று ஏமாற்றிவிடும். விண்கலத்தின் மூடிய குழாயில் காற்றுக்கு இடமே இல்லை. அதனால் சோதனைக்கு முன் காய்ச்சிக் காற்றை விரட்ட வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

மனைவி அந்தப் பழைய சோதனையின் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினாள். கணவரின் கோழிக் கிறுக்கல். 'தண்ணீர் காய்ச்சியது: 8 முதல் 10 வரை.'

தேதியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த நாளை மறப்பாளா? காலையிலேயே கொட்டோ கொட்டென்று மழை. கூடத்துக்குப் போகும் பேருந்து வரவே இல்லை. நிறுத்தத்தில் தற்செயலாக அவரும் வந்து சேர்ந்தார். கூரை ஒழுகியதால் இருவரும் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். அவர் காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே, மழையைப் பார்த்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். காலுறையிடம் கேட்கிறாரா என்று அவளுக்குச் சந்தேகம். எட்டு மணிக்குத் தொடங்கிய பேச்சு பத்து வரை ஓடியது. அதற்குப் பிறகு வந்த சலித்துப்போன நாட்களையெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து நினைத்துத்தான் அவள் தள்ளியிருக்கிறாள்.

அப்புறம்தான் சுருக்கென்றது. எட்டு முதல் பத்து வரை அவர் அவளோடு நின்றிருந்தார் என்றால், தண்ணீரைக் காய்ச்சியது யார்?

இருவரும் கூடம் வந்து சேர்ந்து, அவள் நனைந்த உடையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் அதற்குள் சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சினீர்களா என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு எதுதான் கேட்கத் தோன்றியது!

இப்போது வாயைத் திறந்தால் கணவர் பொய்யராவார். இருவர் பெயரும் போட்ட ஒரே பெரிய கட்டுரை குப்பைக்குப் போகும். திறக்காவிட்டால் தப்பான எண் விண்ணுக்குப் போகும். பேசாமல் பதிவேட்டை மூடி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

"என்னங்க, அன்னைக்கு நீங்க தண்ணி காய்ச்சவே இல்லையா?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "வர்றேன்," என்றார்.

அரை மணியில் வந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பேரும்தானே அதுல இருக்கு? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆளாளுக்குக் கை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் வாயே வரல."

வடிவமைப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் உண்மைக் காரணத்தை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கோடு போட்டார். காரணம் எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எழுதி முடித்து, பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

'தண்ணீர் காய்ச்சவில்லை. காலை ஏழரைக்கே கூடத்துக்கு வந்துவிட்டேன். மழையில் பேருந்துகள் நின்றுவிட்டதாகக் காவலாளி சொன்னார். அவள் அங்கே தனியாக நிற்பாளே என்று, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், நிறுத்தம் வரை ஓடினேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. பேனாவுக்காக நீட்டிய கையில் அவர் பேனாவை வைத்தார். அவள் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"மேடம், அப்ப நூத்திப்பன்னெண்டுன்னே வரைஞ்சிடட்டுமா?"

"வரைஞ்சிடும்மா. அதுதான் சரி."

பிறகு கணவரிடம், "ஒரு வாரத்துக்கு உங்ககூட நான் பேசப்போறதில்லை," என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்க உட்கார்ந்தாள்.