கூம்பு வைத்த குழம்பு

வேலையிடத்தில் அவரைக் கூம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியில் வரும் கான்கிரீட்டை ஓர் இரும்புக் கூம்பில் அடைத்து, கூம்பைத் தூக்கிவிட்டு, கலவை எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அதிகம் சரிந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அவரிடம் வாயைக் கொடுத்து மீண்ட டிரைவர் கிடையாது.

அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் வம்பில்லை. மனிதர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைச் சாய்த்துப் பார்ப்பார். குழம்பு ஓடினால் "தண்ணி", நின்றால் "கெட்டி". கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டு வார்த்தைதான்.

அன்று மனைவி கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

"மதியம் எங்கப்பா அம்மா வர்றாங்க. குழம்பு நீங்க வைங்க. பதமா வந்தா காலம் பூரா குறை சொல்லுங்க, கேட்டுக்கறேன். வரலைன்னா, இனிமே என் குழம்பப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. கெட்டதும் கூடாது, நல்லதும் கூடாது."

"நல்லது நான் எப்ப சொன்னேன்?" என்று பெருமையாகவே ஒப்புக்கொண்டார்.

உருளைக்கிழங்கு வெந்து வாசம் தூக்கியது. அதோடு இறக்கியிருக்கலாம். வேலைக்குக் கொண்டுபோகும் கூம்பைக் கழுவி எடுத்துவந்து, சமையல் மேடையில் நிறுத்தி, குழம்பை ஊற்றித் தூக்கினார். குழம்பு மேடையெல்லாம் பரவி, கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் இறங்கிக் குடியேறியது.

மாவு கரைத்து ஊற்றினார். கல்லாகிவிட்டது. வெந்நீர் விட்டார். ஓடியது. மறுபடி மாவு, மறுபடி வெந்நீர். சட்டி போதாமல் குக்கர், குக்கர் போதாமல் அண்டா, அதற்கும் மேல் ஒரு புது வாளி. உருளைக்கிழங்கு எப்போதாவது தலையைக் காட்டிவிட்டு மறைந்தது. கூடத்தில் மனைவி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கூம்பைத் தூக்கியபோது குழம்பு ஒரு விரல் அளவு சரிந்து, அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல கலவையை எந்த லாரியும் கொண்டுவந்ததில்லை.

நேரமானால் கான்கிரீட் இறுகும் என்று ஊருக்கே சொல்லித் திரிகிறவருக்கு, குழம்பும் அப்படித்தான் என்று மட்டும் தோன்றவில்லை. மதியம் மாமனார் பரிமாறக் கரண்டியை இழுத்தார். அண்டாவும் கூடவே வந்தது.

"மாப்ள, இதுல எத்தன மாடி எழுப்பலாம்?" என்றார் அவர், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவராக.

மனைவி எழுந்தாள். அதில் ஒரு துண்டை வெட்டி வாணலியில் போட்டு, கொஞ்சங்கொஞ்சமாக வெந்நீர் விட்டுக் கரைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து, தாளித்துக் கொட்டினாள். அளவு எதுவும் பார்க்கவில்லை.

தட்டு வந்ததும் பழக்கதோஷத்தில் சாய்த்தார். குழம்பு மெல்ல நகர்ந்து, சோற்றைத் தொட்டு நின்றது. ஒரு வாய் வைத்தார். இப்படி ஒரு குழம்பை ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை என்று நினைத்தார். தினமும் இதையேதான் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது இரண்டாவது வாயில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றார் மாமியார்.

வாயைத் திறந்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.

"அவருக்குப் பிடிக்கல போல," என்றார் மாமியார் வருத்தமாக.

கூம்பு அவசர அவசரமாகத் தட்டைக் காலி செய்து நீட்டினார். அவள் ஊற்றினாள். மறுபடி நீட்டினார். நான்காம் முறை அவள் கரண்டி பாதியில் நின்றது.

"ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல வேண்டியது கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து கிடந்தது. அவர் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.